மடியில் கனல்

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். மடியில் கனல் இருந்தால் செய்ய வேண்டியது யாது என்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. கனலை மடியில் ஏந்திக்கொண்டு கணக்கு எழுதவும், கடிதம் வரையவும், கல்யாண வீட்டுப் படங்களைப் பார்த்து மகிழவும் ஒரு காலம் வரக்கூடும் என்பதை எந்தத் தீர்க்கதரிசிதான் எதிர்பார்த்திருக்க முடியும்? சித்திரை மாதத்துப் பிற்பகலில், தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி மாடித் தளத்தின் அனலையே திரும்பத் திரும்பக் கீழே இறக்கிக்கொண்டிருக்க, மடிக்கணினியை மடியில் வைத்து அரை மணி நேரம் வேலை செய்தவர் எவரும், அதன் அடிப்பாகத்துக்கும் தோசைக்கல்லுக்கும் ஏதோ தூரத்து உறவு உண்டு என்று ஐயுறாமல் இருந்திருக்க மாட்டார். உள்ளே இருக்கும் சிறு விசிறி முதலில் முனகும், பிறகு இரையும், அப்படியும் உஷ்ணம் தணியாவிட்டால், யந்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, உச்சி வெயிலில் குட்டையைக் கண்ட எருமையைப் போல அசைவற்றுக் கிடக்கும்.

மின்சாரத்தால் இயங்கும் வீட்டுச் சாமான்களுள் கணினிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. கிரைண்டர் மாவை அரைத்துத் தருகிறது. மோட்டார் கிணற்று நீரை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. கணினியோ எதையும் அரைப்பதுமில்லை, தூக்குவதுமில்லை. அது உட்கொள்ளும் மின்சாரத்தில், திரையிலிருந்து ஒளியாகவும் ஒலிபெருக்கியிலிருந்து ஓசையாகவும் வெளியேறும் சொற்பத்தை நீக்கிவிட்டால், எஞ்சியது முழுவதும் உஷ்ணமாகவே வந்து முடிகிறது. 50 வாட் உண்ணும் கணினியை, கணக்குப் போடத் தெரிந்த ஒரு 50 வாட் அடுப்பு என்றே சொல்லிவிடலாம். ஐ.பி.எம். ஸ்தாபனத்தைச் சேர்ந்த ரால்ஃப் லாண்டவர் என்ற விஞ்ஞானி 1961இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஞாபகத்திலிருந்து ஒரே ஒரு துணுக்குச் செய்தியை அழிப்பதற்குக்கூட ஒரு குறிப்பிட்ட அளவு உஷ்ணம் வெளிப்பட்டே தீர வேண்டும் என்று காட்டினார். நம் கையிலுள்ள யந்திரங்கள் அந்த அளவைப் போலப் பன்மடங்கு செலவழிக்கின்றன என்பது வேறு விஷயம். உஷ்ணத்தைக் கொல்ல முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். ஆகையால் கணினியின் சரித்திரத்தை, அதன் உஷ்ணத்தை யார் தலையில் கட்டுவது என்ற வழக்கின் சரித்திரமாகவும் எழுதலாம், அந்த வழக்கில் முதற் பிரதிவாதி கட்டிடம், அடுத்தது பெட்டி, கடைசியில் அகப்பட்டவன், மடியை நீட்டி உட்கார்ந்திருந்த மனிதன்.

1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், பென்சில்வேனியா சர்வகலாசாலையின் மூர் பள்ளியில், ஜான் மாக்லியும் பிரஸ்பர் எக்கர்ட்டும் உருவாக்கிய ‘எனியாக்’ உலகுக்குக் காட்டப்பட்டபோது, அதில் ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. பழைய வானொலிப் பெட்டியைப் பின்புறமாகத் திறந்து பார்த்தவர்களுக்கு, உள்ளே செந்நிறமாக ஒளிரும் அந்தக் கண்ணாடிக் குழாய்களின் வெம்மை தெரிந்திருக்கும்; ஐந்தாறு குழாய்கள் அந்த வெம்மையைத் தந்தன என்றால், 18,000 குழாய்கள் ஒரே கூடத்தில் எரிந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். அந்த யந்திரம் சுமார் 150 கிலோவாட் மின்சாரத்தை உண்டது. அதன் உஷ்ணத்தைத் துரத்துவதற்காகவே பெரும் ஊதுவிசிறிகள் ஓயாமல் ஓடின. உள்ளே உஷ்ணம் எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும் காவற் கருவிகளும் பொருத்தப்பட்டிருந்தன. குழாய்கள் பெரும்பாலும் சூடேறும்போதும் ஆறும்போதுமே உடைந்தன என்பதைக் கண்டுகொண்ட அதன் பரிபாலகர்கள், கூடுமானவரை அதை அணைக்காமலே வைத்திருந்தார்கள். வேலை இல்லாதபோதும் எரிந்துகொண்டேயிருந்த அந்த யந்திரத்தை எண்ணும்போது, அணைந்தால் மறுபடி மூட்டுவது பெரும்பாடு என்று அக்கினியைக் காத்து வந்த பழைய காலத்து வீடுகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

நம் நாட்டுக்கு வருவோம். 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 1620 என்ற கணினியிடத்தில், உஷ்ண சாஸ்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று பிரத்தியட்சமாக அமைந்திருந்தது. அதன் ஞாபகப் பகுதி நுண்ணிய காந்த வளையங்களால் கோக்கப்பட்டது. வளையங்களின் குணம் வெப்பத்துக்குத் தக்கபடி மாறுமாதலால், அவற்றை எப்போதும் ஒரே வெப்பநிலையில், ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸில், வைத்திருக்கும்படி உள்ளேயே ஒரு சூடேற்றி இருந்தது. யந்திரத்தை முடுக்கியபின் அந்தப் பதம் வருவதற்கு அரை மணி நேரம் வரைகூட ஆகும். வெளியே அறையைக் குளிர வைக்க வேண்டும். உள்ளே ஞாபகத்தைக் கொதிக்காமலும் ஆறாமலும் இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். கான்பூர்க் கோடையோ அந்த 41 டிகிரியை ஒருவர் செலவுமில்லாமல் வாசலிலேயே கொண்டுவந்து கொட்டும்!

1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370/155 முதலான பெரிய யந்திரங்களின் காலத்தில் ‘கணினி அறை’ என்பது தனியொரு ஸ்தலமாகவே ஆகிவிட்டது. அறையைக் குளிர்விக்கும் ஏ.சி. யந்திரமே மனித சுகத்துக்காகப் பிறந்ததன்று என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1902இல் வில்லிஸ் காரியர் என்ற இளம் இஞ்சினீயர், நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக அதன் முதல் வடிவை வகுத்தார். கோடையின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வர்ணங்கள் இடம் தவறி விழுந்ததே அதற்குக் காரணம். கணினி அறையிலும் ஏ.சி. ஏவல் செய்தது யந்திரத்துக்கும் காகிதத்துக்குமே. கணினிக்குச் செய்தி ஊட்டும் துளையிட்ட அட்டைகள் ஈரத்தில் உப்பி, படிக்கும் யந்திரத்தின் வாயில் சிக்கிக்கொள்ளும் தொல்லையை அக்காலத்து மாணவர்கள் நன்கு அறிவார்கள். மனிதன் அந்தக் குளிர்ச்சியை அனுபவித்தது, சுவாமிக்கு நடக்கும் அபிஷேகத்தில் அருகில் நிற்பவன்மேல் நாலு துளி தெறிப்பதைப் போலத்தான்.

உவமை தற்செயலாக வரவில்லை. 1990களில் நம் மாவட்டத் தலைநகரங்களில் ஏதேனும் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தவர்களுக்கு அந்த வாசல் நினைவிருக்கும்: கண்ணாடிக் கதவு, அதன்மேல் ‘காலணிகளை வெளியே விடவும்’ என்ற அறிவிப்பு, அதற்குக் கீழே ஜோடி பிரிந்து குவிந்து கிடந்த செருப்புகள். தூசு புகுந்தால் கணினியின் ‘டிஸ்க்’ தட்டு கெடும் என்ற நியாயமான காரணம் ஒன்று அதற்கு இருந்தது. ஆனால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு செருப்பைக் கழற்றியவர் அநேகர் இல்லை. உள்ளே நுழைந்ததும் உடலில் பட்ட அந்தக் குளிர், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் கிடைத்த ஏ.சி. குளிர். ஒரு மணி நேர வகுப்பு முடிந்து வெளியே வந்தால் வெயில் முகத்தில் அறையும்; கணினி படிப்பவன் என்றால் குளிர்ந்த அறையில் உட்காருபவன் என்ற எண்ணம் ஊரில் பரவியதற்கும், எத்தனையோ தகப்பன்மார் நிலத்தை அடமானம் வைத்துக் கட்டணம் கட்டியதற்கும் அந்த ஏ.சி.யும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

மறுகோடியில், அதற்கு முன்பே, உஷ்ணத்தோடு நடந்த யுத்தம் பிரமாண்டமான ரூபம் எடுத்திருந்தது. ஸீமூர் கிரே என்ற மேதை, கம்பிகள் எவ்வளவுக்கெவ்வளவு குட்டையாக இருக்கின்றனவோ அவ்வளவுக்கவ்வளவு மின்குறி விரைவில் போய்ச் சேரும் என்ற எளிய உண்மையைப் பற்றிக்கொண்டு, சுற்றுகளை நெருக்கி நெருக்கி அடுக்கிக் ‘கிரே-1’ என்ற யந்திரத்தைச் செய்தார். 1976இல் அது லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வேகம் கிடைத்தது, நெருக்கத்தினால் உஷ்ணமும் ஒருங்கே கிடைத்தது. 115 கிலோவாட் உஷ்ணத்தை வெளியேற்ற, குளிர்சாதனப் பெட்டியில் ஓடுவதைப் போன்ற ஃப்ரியான் திரவத்தை யந்திரத்தின் தூண்களுக்குள்ளேயே ஓடவிட்டார்கள். பிறையைப் போல வளைந்த அதன் அடிப்பாகத்தைச் சுற்றி மெத்தை தைத்த திண்ணை ஒன்று இருந்தது. அதனுள் மின்வழங்கிகள் மறைந்திருந்தன. மேலே யார் வேண்டுமானாலும் உட்காரலாம். திண்ணையோடு கூடிய கணினியை உலகம் அதற்குப் பின் அதிகம் கண்டதில்லை என்பது திண்ணை நாட்டவனாகிய எனக்குச் சிறிது வருத்தமே. 1985இல் வந்த ‘கிரே-2’வில் சுற்றுப் பலகைகளை அப்படியே ஒரு நிறமற்ற திரவத்தில் அமிழ்த்திவிட்டார்கள், மின்சாரத்தைக் கடத்தாத அந்தத் திரவம் கண்ணாடித் தொட்டிகளில் பொங்கி வழிவதைப் பார்த்து, அதற்குக் ‘குமிழிகள்’ என்று செல்லப் பெயரும் வைத்தார்கள்.

இவ்வளவு பெரிய மாளிகை வைபவத்திலிருந்து உஷ்ணம் ஏழை வீட்டு மேஜைக்கு இறங்கி வந்தபோது, அதை மறைத்துவிடலாம் என்று சிலர் எண்ணினார்கள். ஆப்பிள் ஸ்தாபனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு விசிறியின் இரைச்சல் ஆகாது. 1980இல் வெளிவந்த ‘ஆப்பிள் 3’ யந்திரத்தில் விசிறி கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்ததன் பலனாக, உலோக அடித்தட்டே உஷ்ணத்தை உறிஞ்சி வெளியிட வேண்டியதாயிற்று. யந்திரம் சூடேறி ஆறிச் சூடேறி ஆறி, உள்ளே செருகியிருந்த சில்லுகள் தம் குழிகளிலிருந்து மெல்ல மெல்ல எழும்பிவிட்டன. அதற்குச் சொல்லப்பட்ட சிகிச்சை விசித்திரமானது: யந்திரத்தைச் சில அங்குலம் உயரத் தூக்கி, மேஜைமேல் ‘தொப்’பென்று போடு, சில்லுகள் தாமே போய் உட்கார்ந்துகொள்ளும். நம் வீடுகளில் டிரான்சிஸ்டர் ரேடியோவை இரண்டு தட்டுத் தட்டிப் பாட வைத்த பாட்டிமார்களுக்கு இந்த வைத்திய முறை முன்னமே தெரிந்ததுதான்.

மடித்து எடுத்துச் செல்லும் கணினிகளின் மூதாதையாகிய ‘கிரிட் காம்பஸ்’ 1982இல் பிறந்தது. பில் மாக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த அந்தச் சிப்பி வடிவப் பெட்டியின் உடல் மக்னீசியக் கலவையால் ஆனது. இலேசாகவும் உறுதியாகவும் இருப்பதோடு, உள்ளே பிறந்த உஷ்ணத்தைத் தன் உடம்பெங்கும் பரப்பி வெளிக் காற்றுக்குக் கொடுத்துவிடவும் அந்த உலோகம் உதவியது. விலை 8,150 டாலர். அமெரிக்க விண்வெளி ஓடத்தில் 1983இல் அது ஏறிச் சென்றபோதோ, பூமியில் எவரும் நினைத்துப் பாராத ஒரு சங்கடம் தோன்றியது. சூடான காற்று மேலெழுவது, அது குளிர்ந்த காற்றைவிட இலேசாக இருப்பதால். எடை என்பதே இல்லாத இடத்தில் இலேசும் இல்லை, கனமும் இல்லை. யந்திரத்தைச் சூழ்ந்த சூடான காற்று மேலும் போகாமல் கீழும் போகாமல் போர்வையைப் போல அதையே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே விண்வெளிக்குச் சென்ற கிரிட்டுக்கு ஒரு சிறு விசிறி பொருத்தப்பட்டது. பூமியில் நாம் கேட்காமலே, கூலி வாங்காமலே, காற்று நமக்காக எவ்வளவு ஊழியம் செய்துகொண்டிருக்கிறது என்பதை அங்கே போன பிறகுதான் அறிய நேர்ந்தது.

இனிச் சொல்லப்போவது இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் உவப்பான பாகம்; மடிக்கணினியைத் திறந்து பார்த்தவர்கள் சுண்டுவிரலைவிடச் சற்று மெலிந்து தட்டையாக ஓடும் ஒரு செப்புக் குழாயைப் பார்த்திருப்பார்கள். பலர் அதை வெறும் செப்புக் கம்பி என்று கருதுகிறார்கள். அது உள்ளே வெற்றிடமாக்கப்பட்டு, சில துளி நீர் மாத்திரம் விடப்பட்டு, இரு முனையும் அடைக்கப்பட்ட குழாய். உட்சுவரில் செப்புத் தூளாலோ வலையாலோ ஆன ஒரு திரி. காற்றின் அழுத்தம் நீங்கிவிட்டதால் அந்த நீர் 100 டிகிரிக்குக் காத்திராமல், உடல் சூட்டை ஒத்த வெம்மையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். சில்லின்மேல் பதிந்திருக்கும் முனையில் ஆவியான நீர், மறு முனைக்குப் பாய்ந்து, அங்கே தகடுகளுக்கிடையே விசிறி ஊதும் காற்றில் தன் உஷ்ணத்தைக் கொடுத்துவிட்டுத் துளியாகி, திரியின் வழியே மறுபடி பிறந்த இடத்துக்கே ஊர்ந்து வந்து சேரும். இட்லிக் கொப்பரையின் மூடிக்கு அடியில் ஆவி முத்து முத்தாக நிற்பதையும், அகல் விளக்கின் திரி எண்ணெயை மேலே ஏற்றுவதையும் தினந்தோறும் பார்த்தவர்களுக்கு இதில் மர்மம் ஒன்றுமில்லை. அவ்விரண்டையும் ஒரு குழாய்க்குள் அடைத்ததே சாமர்த்தியம். தேயும் உறுப்பில்லை, மின்சாரம் வேண்டாம், ஓசையில்லை. அதே அளவுள்ள கெட்டிச் செம்பைவிடப் பன்மடங்கு விரைவாக உஷ்ணத்தைக் கடத்தும்.

ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்தாபனத்தைச் சேர்ந்த காக்ளர் என்பவர் 1944இலேயே இந்த யோசனைக்கு உரிமைப் பத்திரம் பெற்றிருந்தும், அது ஏட்டளவில் உறங்கிவிட்டது. 1963இல் லாஸ் அலமாஸில் ஜார்ஜ் குரோவர், விண்கலங்களின் அணுசக்தி உலைகளிலிருந்து உஷ்ணத்தை வெளியே கொண்டுவரும் உபாயத்தைத் தேடியபோது, தாமாகவே அதை மறுபடி கண்டு, ‘ஹீட் பைப்’ என்று பெயரும் சூட்டினார். 1970களில் அலாஸ்காவின் உறைபனி நிலத்தின்மீது எண்ணெய்க் குழாயைத் தாங்கிச் செல்லும் கால்களில், எண்ணெயின் சூட்டால் அடிநிலம் இளகிவிடாதபடி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹீட் பைப்புகளை அமோனியா நிரப்பி நட்டார்கள். நிலத்தை உறைந்தபடியே வைத்திருப்பது அவற்றின் வேலை. விண்வெளிக்கும் துருவப் பனிக்கும் பிறந்த பிள்ளை, 1993இல் வந்த பெண்டியம் சில்லின் உஷ்ணம் தாங்காத 1990களின் மடிக்கணினிகளுக்குள் குடிபுகுந்து, இன்று நம் சைதாப்பேட்டை வீட்டு மேஜையில் வாசம் செய்கிறது.

அதன் பிறகும் உஷ்ணம் அடங்கவில்லை. 2001இல் இன்டெல் ஸ்தாபனத்தின் பாட்ரிக் கெல்ஸிங்கர் ஒரு மகாநாட்டில், போகிற போக்கில் போனால் 2005இல் சில்லின் உஷ்ணச் செறிவு அணு உலையை எட்டும், 2010இல் ராக்கெட்டின் வாயை எட்டும், 2015இல் சூரியனின் மேற்பரப்பை எட்டும் என்று கணக்குக் காட்டினார். 2004 மே மாதத்தில் அவருடைய ஸ்தாபனமே ‘தேஜஸ்’ என்ற அடுத்த சில்லைக் கைவிட்டது. உஷ்ணமே முக்கிய காரணம். வடமொழியில் ஒளி என்று பொருள்படும் அந்தப் பெயரை அர்த்தம் தெரிந்து வைத்தார்களோ, தெரியாமல் வைத்தார்களோ. இதற்கிடையில் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் அதே ஸ்தாபனத்தின் வேறொரு குழு, வேகத்தின் எண்ணிக்கையைப் பெரிதாக்குவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலை வாங்கும் ‘பெண்டியம் எம்’ சில்லை 2003இல் வெளியிட்டிருந்தது. பின்னர் மேஜைக் கணினிகளும் அந்த வழிக்கே திரும்பின. மடிக்காக அடக்கமாக இருக்கக் கற்றது மாளிகைக்கும் பாடம் சொன்னது.

மடி இதற்குள் புண்பட்டிருந்தது. 2002இல் ‘லான்செட்’ வைத்திய சஞ்சிகையில் ஒரு விவரம் வெளிவந்தது: ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி ஒருவர், கால்சட்டை அணிந்திருந்தும், ஒரு மணி நேரம் மடியில் கணினி வைத்து எழுதியதன் காரணமாகத் தீக்காயம் அடைந்தார். நாட்கணக்கில் மெல்லச் சுட்டால் புண்ணாகாது. வலைபோலச் சிவந்து கறுத்த தழும்பு தோலில் படியும். இந்தத் தழும்பு வைத்தியர்களுக்குப் புதியதன்று. காஷ்மீரத்தில் குளிர்காலத்தில் நீண்ட அங்கிக்குள் காங்ரி என்ற கனற்சட்டியை வைத்துக்கொள்ளும் மக்களிடம் அவர்கள் நெடுங்காலமாகக் கண்டு வந்ததுதான். காங்ரியை விரும்பி மடியில் வைப்பவர் காஷ்மீரி. நாமோ விரும்பாமலே வைத்துக்கொண்டோம். உற்பத்தியாளர்களும் ‘லேப்டாப்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘நோட்புக்’ என்று தங்கள் கையேடுகளில் எழுதலானார்கள்.

2011இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய அதே ஆண்டில், மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வீடுகளுக்கு வழங்கத் தொடங்கியது. கணினி முதன்முறையாக ஏ.சி.யை விட்டு, ஓட்டு வீட்டுக்கும் அஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் வந்தது. செருப்பைக் கழற்றச் சொல்லும் வாசல் போய், செருப்பு கிடக்கும் திண்ணையிலேயே அது உட்கார்ந்துகொண்டது. மறு ஆண்டு மின்வெட்டுக் காலத்தில், கூரையிலிருந்த விசிறி நின்றுவிட, பாட்டரியின் தயவில் கணினிக்குள் இருந்த விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருக்கும்; வேர்வை சொட்டச் சொட்ட அதன் முன் உட்கார்ந்து பாடம் படித்த பிள்ளைகள், தம் காற்றையும் அந்த யந்திரமே வாங்கிக்கொண்டதாக நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. இரண்டு அழிரப்பரை அடியில் முட்டுக் கொடுப்பதும், கவிழ்த்த எவர்சில்வர் தட்டின்மேல் வைப்பதும், மேஜை விசிறியைப் பக்கவாட்டில் திருப்புவதும் அந்தக் காலத்து உபாயங்கள்; கடையில் விற்ற கூலிங் பேடுகள் பலவற்றைக் காட்டிலும் அவை மட்டமானவை அல்ல. அடியில் ஒரு விரல் கனத்துக்குக் காற்று புகுந்தால் போதும். மெத்தையும் தலையணையுமே அதற்குப் பரம சத்துருக்கள்.

2020 இறுதியில் வெளிவந்த ஆப்பிளின் மாக்புக் ஏர் விசிறியே இல்லாமல் வந்தது. உஷ்ணத்தின் கதை முடிந்தது என்று சிலர் மகிழ்ந்தார்கள். ஆனால் நாம் தட்டும் கேள்விகளுக்கு விடை தேடும் வேலை இப்போது மடியில் நடப்பதில்லை; அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் ஜன்னலில்லாத பெரும் கட்டிடங்களில், ஏ.சி.யின் ஓயாத இரைச்சலுக்கு நடுவே நடக்கிறது. வழக்கு சுற்றிச் சுற்றி முதற் பிரதிவாதியாகிய கட்டிடத்திடமே வந்து நிற்கிறது.

பழைய கணினிகளின் உஷ்ணம் மட்டும் இன்னும் சென்னை ரிச்சி தெருவின் குறுகலான கடைகளுக்குத்தான் வைத்தியத்துக்கு வருகிறது. போன வைகாசியில் என் கணினியைக் கொண்டுபோனேன். “ஃபேன் கிளீன் பண்ணி, பேஸ்ட் மாத்திடலாம் சார்” என்றார் அங்கிருந்த இளைஞர். அடிமூடியைக் கழற்றியதும், விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையே, மூன்று வருஷத்துப் படுக்கை விரிப்பின் நூலும் வீட்டுத் தூசும் சேர்ந்து, தறியில் நெய்தாற் போல ஒரு சாம்பல் நிறக் கம்பளி விரிந்திருந்தது. அதை இடுக்கியால் ஒரே துண்டாக உரித்தெடுத்து என் கையில் வைத்தார். பிறகு, உஷ்ணத்தைக் கடத்துவதற்காகச் சில்லின்மேல் தடவியிருந்து, காய்ந்து கட்டியாகிப் போன பழைய பசையைத் துடைத்துவிட்டு, சில்லின்மேல் ஒரு பட்டாணி அளவு புதுப் பசையை வைத்து, உஷ்ணத் தகட்டின்மேல் 1, 2, 3, 4 என்று பொறித்திருந்த வரிசையில் திருகாணிகளை முடுக்கினார். யந்திரத்தை முடுக்கி, காதருகே கொண்டுவந்து கேட்கச் சொன்னார். விசிறி சுழல்வது கண்ணுக்குத் தெரிந்தது. தெருவின் இரைச்சலில் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை.